ஒரே முகவரியில் மூன்று பிள்ளைகள்

எந்த விண்ணப்பப் பாரத்தைக் கண்டாலும் டோரிஸ் முதலில் பார்ப்பது முகவரியைத்தான். ஆயர் தாவாரில் ஒரு கிளினிக்கில் பெயர் பதியும் வேலை பார்த்த காலத்துப் பழக்கம் அது. அதன்பின் படித்துச் சமூகநலப் பணியாளரானார். குணமாக்க முடியாத நோயுள்ள பிள்ளைகளை வீடு தேடிச் சென்று கவனிக்கும் ஒரு சிறு அமைப்பில், ஈப்போவில், பத்தொன்பது ஆண்டுகளாக இருக்கிறார்.

போன ஜூலையில் ஒரு காலை, பதிவேட்டில் மூன்று பிள்ளைகளுக்கு ஒரே முகவரி இருந்ததைக் கவனித்தார். மூன்று அப்பாக்கள், மூன்று நோய்கள், புந்தோங்கில் ஒரே கடைவீடு. மூவரில் எட்டு வயது சாந்தினிக்கு எலும்பில் புற்றுநோய். இனிச் சிகிச்சை பயன் தராது என்று மருத்துவமனை அவளை இரண்டு வார வலி மருந்தோடு வீட்டுக்கு அனுப்பி ஒரு மாதம் ஆகியிருந்தது. தாதி கிறிஸ்டின் இரண்டு முறை அந்த முகவரிக்குப் போய், அப்படி யாரும் இல்லை என்ற பதிலோடு திரும்பியிருந்தார். அம்மா கைப்பேசியை எடுப்பதில்லை. 'குடிபெயர்ந்துவிட்டனர்' என்றது கோப்பு.

குடிபெயர்ந்தவர்கள் மருந்து கேட்காமலா இருப்பார்கள்? டோரிஸ் கார் சாவியை எடுத்தார்.

கடைவீடு ஒரு மோட்டார் சைக்கிள் பட்டறை. அதை நடத்தும் கார்த்திகேசு, எண்ணெய்க் கையைத் துடைத்தபடி வந்தார்.

"புள்ளைங்களா? இங்க டயருதான் படுத்திருக்கு அக்கா."

"அப்ப இந்த அட்ரஸ எப்படிக் குடுத்தாங்க?"

அவர் உள்ளே போய் ஒரு பேட்டரிப் பெட்டியைக் கொண்டுவந்தார். பெட்டி நிறையக் கடிதங்கள். "எல்லாம் பெல்வுட் தோட்டத்து ஆளுங்களுது. சிலிம் ரிவர் பக்கம். ரப்பர அழிச்சு எண்ணெய்க்குச் செம்பனை போட்டதும் கம்பெனி வித்துட்டுப் போயிடுச்சு, தபாலும் நின்னுபோச்சு. நானும் அங்க பொறந்தவன்தான். ஊருக்குப் போறப்ப குடுத்துடுவேன்."

"எப்பப் போவீங்க?"

"தீபாவளிக்கு."

"ஆஸ்பத்திரி கடுதாசியையுமா, அண்ணே?"

"கவர் எல்லாம் ஒரே மாதிரிதான்லா இருக்கு!" என்றார் அவர். பிறகு முகம் மாறி, வழி சொல்லத் தொடங்கினார்.

நண்பகலுக்குள் டோரிஸ் தொழிலாளர் வரிசைவீடுகளான தோட்டத்து லயத்தைக் கண்டுபிடித்துவிட்டார். சாந்தினி பல்லைக் கடித்துக்கொண்டு குப்புறப் படுத்திருந்தாள். அழவில்லை. அவள் அம்மா தினேஸ்வரி மருந்துப் புட்டியைக் காட்டினார். அரை அரை அளவாகக் கொடுத்து இழுத்துவந்ததில் அடியில் ஒரு விரல் உயரம் மிச்சம்.

"ஏம்மா போன எடுக்கல?"

"எடுத்தா எங்க இருக்கீங்கன்னு கேப்பீங்க. முப்பது கிலோமீட்டருக்கு மேல வரமாட்டீங்கன்னு வார்டுல பேசிக்கிட்டாங்க. ஈப்போ இல்லன்னு தெரிஞ்சா மருந்தே கெடைக்காதுன்னு பயந்துட்டேன் அக்கா."

அப்படியொரு விதி உண்மையிலேயே இருந்தது. ஆறு ஆண்டுகளுக்கு முன் அதற்காகக் கூட்டத்தில் பேசியவர்களில் டோரிஸும் ஒருவர். தாதிகள் குறைவு, தோட்டங்களிலிருந்து யாரும் அழைப்பதில்லை, ஆகவே அங்கே தேவையில்லை. இதுதான் அன்றைய கணக்கு. ஏன் அழைப்பதில்லை என்று அன்று யாரும் கேட்கவில்லை.

அவர் கிறிஸ்டினை அழைத்தார். "டாக்டர்ட்ட சீட்டு வாங்கி, மருந்தோட சிலிம் ரிவர் வா."

"தொண்ணூறு கிலோமீட்டர்லா அக்கா! ரூல் இருக்கே?"

"தெரியும், அதுக்கு நானும்தான் கையத் தூக்கினேன். கெளம்பு."

காத்திருந்த நேரத்தில் டோரிஸ் சாந்தினியின் பக்கத்தில் உட்கார்ந்து, எந்தப் பக்கம் படுத்தால் வலி குறைகிறது, யார் தூக்கினால் பிடிக்கும் என்றெல்லாம் விசாரித்தார்.

"நீங்க ஊசி போடுற மிஸ்ஸியா?"

"இல்லடா. நான் கேள்வி கேக்குற ஆளு."

"அதுக்கு ஊசியே தேவலாம்," என்றாள் சாந்தினி.

மூன்று மணிக்கு மருந்து வந்தது. முழு அளவு. நான்கு மணிக்கு அவள் மல்லாந்து தூங்கினாள். டோரிஸ் பாரத்தில் பட்டறை முகவரியை அடித்துவிட்டு, 'மாரியம்மன் கோயில் தாண்டி இடதுபக்கம், இரண்டாவது லயம், நீலக் கதவு' என்று எழுதினார்.

"இப்படியெல்லாம் எழுதுனா ஒத்துக்குவாங்களா?" என்றார் தினேஸ்வரி.

"ஒத்துக்கலன்னா என்கிட்ட வந்து சண்ட போடட்டும்."

சண்டை நடந்தது. அந்த விதி இன்னும் நீக்கப்படவில்லை. ஆனால் தொலைவில் இருக்கும் பிள்ளைகளுக்கு அருகிலுள்ள கிளினிக் தாதிக்குப் பயிற்சி கொடுக்கலாம் என்று கூட்டம் ஒப்புக்கொண்டது. மற்ற இரண்டு பிள்ளைகளையும் டோரிஸ் அதே வாரம் கண்டுபிடித்தார். சாந்தினி செப்டம்பரில், வீட்டில், அம்மா பக்கத்தில் இருக்க, வலியில்லாமல் இறந்தாள்.

இப்போது டோரிஸ் பதிவேட்டில் இல்லாத ஊர்களைத் தேடுகிறார். பாரிட் புந்தாரிலிருந்து நான்கு ஆண்டுகளாக ஒரு பிள்ளைகூட வரவில்லை. வரும் வியாழக்கிழமை அங்கே போகிறார்.