முறுக்குக் குவாலியில் வெந்த இரும்பு வளையம்

பத்துப் பன்னிரண்டு வருஷம் இருக்கும். சீனப் புத்தாண்டுப் பெருநாள் விடுமுறை. திகாம் பத்துவில் எங்கள் வீட்டுக் கொட்டகையில், பாசார் மாலாம் இரவுச் சந்தையில் விற்க நான் முறுக்குச் சுடும் பெரிய குவாலிச் சட்டியில், ஒரு நாள் இரும்பைப் பொரித்தோம். சிரிக்காதீர்கள், நிஜமாகத்தான்.

அப்போது என் வீட்டுக்காரர் சுங்கைப் பட்டாணி ஃபேக்டரிக்கு ஆள் ஏற்றிப்போகும் பஸ் ஓட்டிக்கொண்டிருந்தார். சொந்த பஸ். கிழட்டு டீசல் இன்ஜின். புகை கக்கிக் கக்கி, பெருநாளுக்குச் சற்று முன்னால் ஒரேயடியாகப் படுத்துவிட்டது. விடுமுறை முடிந்து ஃபேக்டரி திறக்கும் காலையில் பஸ் வரவில்லையென்றால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வோம் என்று சொல்லிவிட்டார்கள். அந்த பஸ்தான் எங்களுக்குச் சோறு.

இன்ஜினைப் பிரித்துப் பூட்ட வந்தவன் என் கொழுந்தன். பக்கத்து வீடு, நல்ல மெக்கானிக். ஆனால் அண்ணனும் தம்பியும் பேசிக்கொள்வதில்லை. பஸ் நிறுத்த இடம் வேண்டுமென்று, மாமனார் வைத்த ரம்புத்தான் பழ மரத்தை இவர் தம்பியிடம் ஒரு வார்த்தை கேட்காமல் வெட்டிச் சாய்த்துவிட்டார். அன்றோடு போனது பேச்சு. நான் போய்க் கூப்பிட்டபோதுகூட, "உங்களுக்காக வர்றேன் அண்ணி. அந்த ஆளுக்காக இல்ல" என்று சொல்லிவிட்டுத்தான் ஸ்பேனர் பெட்டியைத் தூக்கினான்.

வேலை நடந்த அழகைப் பார்க்க வேண்டுமே! இரண்டு பேரும் ஒரே இன்ஜினுக்குள் தலையை விட்டுக்கொண்டிருப்பார்கள். பேச்செல்லாம் என் வழியாக. "அந்த நட்டை முறுக்கச் சொல்லு" என்பார் இவர். "முறுக்கியாச்சுன்னு சொல்லுங்க அண்ணி" என்பான் அவன். நான் உள்ளே போய்விட்டால் என் வீட்டுப் பூனையைப் பார்த்துச் சொல்வார்கள். எனக்குச் சிரிப்பும் வரும், எரிச்சலும் வரும்.

ஒருவழியாக எல்லாம் முடிந்து, கடைசியாக மிஞ்சியது பல் வளையம். இன்ஜினுக்குப் பின்னால் சக்கரம்போல ஒரு பிளைவீல் இருக்கும். அதைச் சுற்றி இந்த வளையத்தை மாட்ட வேண்டும். வண்டியை ஸ்டார்ட் செய்யும்போது மோட்டார் கடித்துச் சுற்றுவது இதன் பற்களைத்தான். ஆணியும் கிடையாது, ஸ்குருவும் கிடையாது. வளையம் சக்கரத்தைவிட ஒரு மயிரிழை சின்னது. நன்றாகச் சூடாக்கினால் விரியும். விரிந்திருக்கும்போதே போட்டுவிட வேண்டும். ஆறினால் பிடித்துக்கொள்ளும், அப்புறம் அசைக்க முடியாது.

"கேஸ் டார்ச் அடிச்சா ஒரு பக்கம் மட்டும் சூடாயிரும், பல்லு கெட்டுரும். எண்ணெய்ல போட்டு எடுக்கணும். உங்க குவாலி வேணும் அண்ணி" என்றான் கொழுந்தன்.

"ஐயோ, என் குவாலியா!" என்று கத்தினேன். என்ன செய்வது, கொடுத்தேன். எண்ணெய் காய்ந்ததா என்று பார்க்க வழக்கம்போல ஒரு துளி மாவைக் கிள்ளிப் போட்டேன். பொங்கிக் கருகி மேலே வந்தது. வளையத்தை இறக்கினோம்.

வெந்ததும் ஆளுக்கொரு பக்கம் கொக்கியால் தூக்கி, பிளைவீலுக்கு நேராகக் கொண்டுவந்தார்கள். எண்ணெய் சொட்டுகிறது, புகை வருகிறது. "அவன் பக்கம் ஏறி இருக்கு, இறக்கச் சொல்லு!" என்றார் இவர். "தம்பி, உன் பக்கம் இறக்கணுமாம்" என்றேன். "நான் இறக்கிட்டேன், அங்க தூக்கிப் பிடிக்கச் சொல்லுங்க!" என்றான் அவன். நான் இவர் பக்கம் திரும்பி வாயைத் திறப்பதற்குள் 'க்ரீச்' என்று ஒரு சத்தம். வளையம் ஒரு பக்கம் உட்கார்ந்து, மறுபக்கம் கோணலாக நின்று இறுகிவிட்டது.

உடைந்தால் வேறு வளையம் வாங்க வழியில்லை. பெருநாளுக்கு வண்டிச் சாமான் கடைகள் எல்லாம் மூடிக் கிடந்தன. இலேசாகச் சூடு காட்டி, பித்தளைக் கட்டையால் தட்டித் தட்டி கொழுந்தன் அதைக் கழற்றினான். நல்லவேளை, விரிசல் விடவில்லை.

எனக்கு வந்ததே கோபம்! "நான் என்ன உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல டெலிபோனா? வெட்டுன மரம் திரும்பி வராதுலா. பஸ்ஸும் போயிட்டா நடுரோட்டுலதான் நிக்கணும். இனிமே நான் வாயத் திறக்கமாட்டேன். ஊமைன்னு வச்சுக்குங்க" என்று சொல்லி, துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன்.

மறுபடி எண்ணெய் காய்ந்தது. மறுபடி தூக்கினார்கள். வளையம் சக்கரத்துக்கு மேலே வந்து நின்றது. இவர் என்னைப் பார்த்தார். அவனும் என்னைப் பார்த்தான். நான் சுவரைப் பார்த்தேன். வாயிலிருந்து துண்டை எடுக்கவில்லை.

"தம்பி, உன் பக்கம் கொஞ்சம் இறக்குடா" என்றார் இவர்.

"இறக்கிட்டேண்ணே. நேரா இருக்கு. விடுங்கண்ணே!"

'டங்'. நாலு பக்கமும் ஒன்றாக உட்கார்ந்தது. கொக்கியைக்கூடக் கீழே வைக்காமல் இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது. நல்லவேளை, கையில் துண்டு இருந்தது.

ஃபேக்டரி திறந்த அன்று பஸ் போனது. அதற்குப் பிறகு அண்ணன் தம்பி பேச்சை நிறுத்த யாராலும் முடியவில்லை. லீவு நாளானால் தூண்டிலை எடுத்துக்கொண்டு பெண்டாங் பக்கம் வயல் வாய்க்காலுக்குப் போய்விடுவார்கள். மீன் கொண்டுவந்ததைவிட, யார் மீனை நழுவவிட்டது என்ற சண்டையோடு வந்ததுதான் அதிகம். அந்தக் குவாலியை அப்புறம் நான் முறுக்குக்குத் தொடவே இல்லை. அதில்தான் தூண்டில் புழுவுக்கு மண் போட்டு வைத்திருந்தார்கள்.

இவர் போய்ச் சேர்ந்து இரண்டு வருஷமாகிறது. போன தீபாவளிக்குக் கொழுந்தன் வந்தான். இவர் படத்துக்கு முன்னால் வெகுநேரம் நின்றுவிட்டு, என் பக்கம் திரும்பாமலே, "நான் வந்தேன்னு அண்ணன்கிட்ட சொல்லுங்க அண்ணி" என்றான்.

"நீயே சொல்லு தம்பி" என்றேன்.

"அண்ணே" என்று ஆரம்பித்தான். நான் அடுப்படிக்குப் போய்விட்டேன். முறுக்குச் சுடுகிற சத்தத்திலும் அவன் பேசிக்கொண்டே இருப்பது கேட்டது. அன்று கொட்டகையில் நான் மட்டும் வாயைத் திறந்திருந்தால் இந்த இரண்டு பேருக்கும் பேச இவ்வளவு மிச்சம் இருந்திருக்குமா என்று, எண்ணெய் காயும்போதெல்லாம் நினைத்துக்கொள்கிறேன்.