அத்தையின் புடவையில் ஓடிய சவுக்காரப் படம்

எங்கள் குப்பம் பழவேற்காடு ஏரிக்கு அந்தப் பக்கம், மணல்திட்டில் இருந்தது. சவுக்காரக் கம்பெனிக்காரர்கள் வண்டியை ஒல்லாந்தர் கல்லறை அருகே நிறுத்திவிட்டு, மெஷினை, நைனா என்று நான் கூப்பிடும் அப்பாவின் படகில் ஏற்றி வந்தார்கள். துணி எப்படி வெளுக்கிறது என்று சும்மாவே படம் காட்டப் போகிறார்களாம். நான் மூன்றாவது படித்துக்கொண்டிருந்தேன். அதுவரை படம் என்ற ஒன்றைப் பார்த்ததில்லை.

இறங்கும்போது அவர்கள் திரைத்துணி சேற்றில் விழுந்துவிட்டது. அதற்கென்ன என்று நைனா படகுப் பாயை விரித்துக் காட்டினார். உப்பில் இற்றுப்போகாமலிருக்க மரப்பட்டைச் சாயத்தில் ஊறப்போட்டுப் பழுப்பேறிய பாய்.

“இதுல நுரை வந்தா கருவாட்டுக் கொழம்பு கொதிக்கிற மாதிரி இருக்கும்யா. ஊர்ல வெள்ளைத் துணி ஒண்ணு கூடவா இல்ல?” என்றார் கம்பெனிக்காரர்.

பெண்கள் எங்கள் வீட்டுக் கதவைப் பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டார்கள். எனக்குத்தான் வாய் அடங்கவில்லை.

“எங்க அத்தகிட்ட கீது சார்!”

அம்மா என் தொடையைத் திருகிவிட்டாள்.

அத்தை நைனாவின் தங்கை. மாமா கடலுக்குப் போய்த் திரும்பாததிலிருந்து எங்கள் வீட்டில்தான் இருந்தாள். வெள்ளைப் புடவை இரண்டு. ஆள் கூடும் இடத்துக்கு வரமாட்டாள். படம் இல்லாமல் போய்விடுமோ என்று நான் அழுதேன். கதவு கொஞ்சம் திறந்து, மடித்த புடவையை ஒரு கை நீட்டியது.

“அழுவாதடி. எடுத்துகினு போ.”

எங்கள் வாசலிலேயே படகு தள்ளும் கழி இரண்டை நட்டு அதைக் கட்டினார்கள். இருட்டியதும் புடவையில் ஒரு பெண் வந்தாள். தலை நிறையப் பூ, கை நிறைய வளையல். அவள் துவைக்கத் துவைக்க நுரை பொங்கியது.

“நம்ம உப்புத் தண்ணில நுரைக்கச் சொல்லு பாப்போம்!” என்று பெரியம்மா கத்த, குப்பமே சிரித்தது.

அந்தப் பெண் பின்னால் நிற்கிறாளோ என்று நான் சுற்றிப்போய்ப் பார்த்தேன். அத்தைதான் நின்றிருந்தாள். வளையல் ஆடும்போதெல்லாம் வெளிச்சம் அவள் முகத்தில் ஆடியது.

போகும்போது வீட்டுக்கொரு சவுக்காரம் கொடுத்தார்கள். எங்கள் வீட்டுக் கட்டியை அத்தை பிரிக்கவே இல்லை. அந்தப் புடவைக்குள் வைத்து மடித்துப் பெட்டியில் போட்டுவிட்டாள். அன்றிலிருந்து மிச்சமிருந்த ஒரே புடவையைத் துவைத்து, ஈரம் காயுமுன் எடுத்துக் கட்டிக்கொள்வாள்.

“இன்னாடி இது, அதையும் தொவச்சிக் கட்டேன்,” என்பாள் அம்மா. அத்தை கேட்காதவள் மாதிரி போய்விடுவாள்.

துவைத்தால் படம் கரைந்துவிடும் என்று பயப்படுகிறாள் என்றே நான் நினைத்தேன். தைரியம் கூடச் சொன்னேன்.

“நம்ம தண்ணில சவுக்காரம் நுரைக்காது அத்தே. படம் அப்டியே இருக்கும்.”

அவள் என்னை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு சிரித்தாள். அப்போது அவளுக்குப் பத்தொன்பது வயது. எனக்கு அது ரொம்பப் பெரிய வயதாகத் தெரிந்தது.