உத்தரவு கேட்கும் போல்ட்டுகள்

போல்ட்டுக்கு மென்பொருள் எழுதுவதுதான் என் தொழில். தேயிலைத் தொழிற்சாலை இயந்திரங்களின் மூடியை இறுக்கும் இந்தப் போல்ட்டை ஸ்பேனரால் கழற்ற முடியாது. இயந்திரம் நின்ற பிறகு, உரிய ஆள் அட்டையைக் காட்டி உத்தரவு கொடுத்தால்தான் விடும். பாஸ்வேர்டோடு மல்லுக்கட்டும் அன்பர்களே, உங்களுக்கு என் பாடு புரியும். மனைவி செல்வி மகளின் பிரசவத்துக்காக மெல்பேர்ன் போயிருக்கிறாள். மகள் இன்னும் ஒரு வருடம் இருக்கச் சொல்கிறாள். வருவாளா, மாட்டாளா? ஹட்டன் வீட்டில் அதை யோசிக்கத் துணைக்கு இந்தப் போல்ட்டுகள்தான்.

ஒரே ஆணியில்

இறம்பொடைப் பக்கத்துத் தோட்டமொன்றில் ஃபிட்டர்களுக்குத் தனித்தனி அட்டை கொடுத்தேன். யார் திறந்தார் என்று தெரிய வேண்டுமே. அடுத்த முறை போனால், எல்லா அட்டையும் ஒரே ஆணியில் தொங்குகின்றன. கைக்கு வந்ததை எடுப்பார்களாம். கோபப்பட்டேன். மூத்த ஃபிட்டர் ராமையா அசரவில்லை.

“காலைல வேலைக்குப் போக முந்தி பெரட்டுல பேரு கூப்புடுறப்பவே ஒருத்தனுக்கு ஒருத்தன் ‘இருக்கேங்க’ன்னு குரல் குடுக்கிறோம் சார். இது வெறும் அட்டைதானுங்களே?”

பழசு செல்லாது

போல்ட்டுக்கு ரேடியோ அலையில் போகும் உத்தரவைத் திருடன் பிடித்து வைத்து, மறுநாள் திரும்ப அனுப்பலாம். அதனால் ஒருமுறை பயன்பட்ட உத்தரவு மறுபடி செல்லாதபடி எழுதினேன். முடித்த மாலை நல்ல மழை. செல்வி எப்போதோ அனுப்பிய குரல் பதிவைக் கேட்டேன். ரசத்துக்கு மிளகு தட்டிப் போடச் சொல்கிறாள், அவ்வளவுதான். திரும்பவும் கேட்டேன். அவளிடமே இதைச் சொன்னபோது சிரித்தாள்.

“உங்க போல்ட்டு பரவாயில்லீங்க. பழசக் காட்டி அத ஏமாத்த முடியாது.”

சிக்னல் இல்லாத காலை

உத்தரவு வந்து சேராவிட்டால் போல்ட் மூடியே இருக்கும். அதுதான் பாதுகாப்பு. ஒருநாள் மழையில் சிக்னல் போய், கொழுந்தை உருட்டும் ரோலர் பழுதாகி, அதைத் திறக்க முடியாமல் கொழுந்து குவிந்துவிட்டது. தொழிற்சாலைக்குப் பொறுப்பான டீமேக்கர் தலையில் கைவைத்து நின்றார்.

“ஒரு வார்த்தை வராட்டி தொறக்காதுன்னு எழுதுன மனுசன் வீட்ல எப்பிடிங்க?”

உன் இஷ்டம்

விசாவை நீட்டிக்கட்டுமா என்று செல்வி கேட்டாள். பேரனைப் பார்க்க அங்கே ஆளில்லை. நான் குறுக்கே நிற்பது நியாயமா? இந்த ஏக்கம் எனக்கு மட்டும்தானா? “உன் இஷ்டம்” என்றேன். “சரிங்க” என்று ஃபோனை வைக்கப் போனாள். “வந்துடு செல்வி” என்று சொல்லிவிட்டேன். பெருமூச்சு கேட்டது.

“வாரேங்க. ஆனா புள்ளைகிட்ட நீங்களே சொல்லிடுங்க, எனக்குப் பயமா இருக்கு.”

வேண்டாதவர் திறக்காமல் தடுக்க எத்தனையோ வழி தெரிந்த எனக்கு, மகளிடம் பேச்சை எப்படித் தொடங்குவது என்று மட்டும் தெரியவில்லை.