நிழலுக்கு நாலு ஸ்பானியச் சொற்கள்

எப்போதாவது எட்டிப்பார்க்கிற வெயிலை நம்பி லண்டனில் நிழல் விற்றுப் பிழைக்கிற தொழில் எங்களுடையது. வீடுகளின் பின்வளவில் பந்தல், துணிக்கூரை என்று பூட்டிக் கொடுக்கிறோம். வேனில் ஏணியைக் கட்டிக்கொண்டு அலைகிற சகபாடிகளே, உங்களுக்குச் சொன்னால்தான் விளங்கும்.

என் மகன் செவில்லில் ஒரு ஸ்பானியப் பெண்ணைக் கட்டி அங்கேயே தங்கிவிட்டான். பேத்தி மாயாவுக்கு நாலு வயது. ஸ்பானிய மொழி மட்டும்தான் பேசுவாள். வீடியோவில் அப்பப்பாவாகிய என்னைக் கண்டால் "ஓலா" என்று கையை ஆட்டிவிட்டு ஓடிவிடுவாள். அந்தப் பிள்ளையை இரண்டு நிமிடம் நிறுத்திப் பேச மாட்டேனா என்று எனக்குப் பெரிய ஏக்கம். என்னோடு வேலைசெய்கிற பாக்கோ செவில்காரன். மொழியைப் படிப்பித்துவிடு என்று அவனிடம் கேட்டேன். அவன் வேனில் கிடந்த சாமான்களிலிருந்து தொடங்கினான்.

தோல்தோ

சுவரில் பூட்டி, வேண்டும்போது இழுத்து விரிக்கிற துணிக்கூரைக்குப் பெயர் தோல்தோ. செவன் கிங்ஸில் ஒரு அக்கா வீட்டில் அதைப் பூட்டி முடிக்கவும் மழை பிடித்துக்கொண்டது. வெயிலுக்கு இது எவ்வளவு நல்லது என்று நான் நனைந்துகொண்டே விளக்கினேன். அக்கா பொறுமையாகக் கேட்டார்.

"அண்ணை, வெயிலை விடுங்கோ. இதுக்குக் கீழ உடுப்புக் காயப்போட ஏலுமோ?"

பேர்கொலா, எம்பர்ராதோ

மேலே சட்டங்கள் மட்டும் போட்ட மரப்பந்தல் பேர்கொலா. அதில் திராட்சைக்கொடி படர்ந்தால் எம்பர்ராதோ. அப்டன் பார்க்கில் நாங்கள் கட்டிய பேர்கொலாவில் வீட்டுக்கார ஐயா பாவற்கொடியை ஏற்றிவிட்டார். பந்தல்கால் ஒன்று ஆடுகிறது என்று கூப்பிட்டார், போனோம். தலைக்கு மேல் பாவற்காய் தொங்குகிறது. கீழே ஐயாவும் பேரப்பிள்ளைகளும் கதிரை போட்டிருந்து சோடா குடிக்கிறார்கள். எனக்கு வயிறு எரிந்தது, பொய் சொல்லவில்லை. அதை மறைக்க, இதற்கு உங்கள் மொழியில் என்ன பெயர் என்று பாக்கோவிடம் கேட்டுவைத்தேன். அவன் இங்கிலீஷில் சொன்னான்:

"கொடி எதுவானால் என்ன, கீழே ஆள் இருந்தால் எம்பர்ராதோதான். ஆளில்லாவிட்டால் வெறும் மரம்."

செனதோர்

தோட்டத்தின் நடுவே, கூரை போட்டு, சுற்றிவரத் திறந்து, உள்ளே இருந்து சாப்பிடுகிற சின்ன மண்டபம் செனதோர். அந்தச் சொல்லும் பாடமான பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை, வீடியோவில் மாயா வழக்கம்போல ஓடப் பார்த்தாள். நான் அவசரமாக "தோல்தோ!" என்றேன்.

நின்றுவிட்டாள். தகப்பனிடமிருந்து ஃபோனைப் பிடுங்கிக்கொண்டு பல்கனிக்கு ஓடி, அவர்கள் வீட்டுப் பச்சைத் தோல்தோவைக் காட்டினாள். மற்ற மூன்றையும் ஒவ்வொன்றாகச் சொன்னேன். ஒவ்வொன்றுக்கும் நீளமாக ஏதோ சொன்னாள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. கண் மட்டும் கலங்கியது. கடைசியில் ஏதோ கேட்டுவிட்டு என் முகத்தையே பார்த்தாள். மகன் தயங்கித் தயங்கித் தமிழில் சொன்னான்.

"அப்பா, இதெல்லாம் கட்டத் தெரியுமெண்டால் அப்பப்பா ஏன் இங்க வந்து எனக்கு ஒண்டு கட்டித் தாறேல்லை எண்டு கேக்கிறாள்."

லீவு

எங்கள் தொழிலுக்கு ஜூலைதான் திருவிழா. லண்டன்காரருக்கு நிழல் ஞாபகம் வருவதே அப்போதுதான். அதனால் ஒரு கோடைக்காவது நான் செவில்லுக்குப் போனதில்லை. குளிர்காலத்தில் போனாலோ மாயா பகலெல்லாம் பாலர் பள்ளியில் இருப்பாள். மறுநாள் காலை இல்ஃபோர்டில் நாங்கள் வேலைசெய்கிற கடையின் இளம் முதலாளியிடம் ஜூலை முழுக்க லீவு கேட்டேன். குடித்துக்கொண்டிருந்த தேத்தண்ணியை அவர் கீழே வைத்தார்.

"அண்ணை, வெயில் வாற ஒரே மாதத்தில நீங்கள் போனால் நான் ஆரைக் கொண்டு நிழல் போடுறது?"

முதலாளி லீவு தருவதற்கு முன்பே, ஊருக்கெல்லாம் நிழல் போட்ட கையால் செவில் வெயிலுக்கு ஒரு டிக்கெட் போட்டுவிட்டேன்.