குரோம்பேட்டையோடு போன தூக்கம்

மதுரைக்கு ரயில் மாறுவதற்காக நானும் கணவரும் தாம்பரத்தில் அரைநாள் தங்க நேர்ந்தது. ஜி.எஸ்.டி. சாலையின் புழுதியும் ஹாரன் சத்தமும் வெறுத்துப்போய், குரோம்பேட்டையில் ஒரு மசாஜ் நிலையத்துக்குள் நுழைந்தோம். எனக்குக் கால் மசாஜ், பக்கத்து அறையில் அவருக்குத் தலை மசாஜ். ரயிலுக்காக அவர் தன் போனில் அலாரம் வைத்தார். எண்ணெய் படக்கூடாதென்று காது மெஷினைக் கழற்றினார். பிறகு அலாரம் எப்படிக் கேட்கும் என்று இருவருக்குமே தோன்றவில்லை.

அசந்து தூங்கிய என்னை, கால் பிடித்துவிட்ட பெண் எழுப்பினார்.

"அக்கா, சாரோட போன் ரொம்ப நேரமா கத்தினுகீது. அவரு சிரிச்ச மூஞ்சியா தூங்கினு கீறாரு, எழுப்ப மனசு வரல."

ஆட்டோவையும் அந்தப் பெண்ணே பிடித்துத் தந்தார். எண்ணெய்த் தலையோடு ஓடி ரயிலில் ஏறினோம்.

இப்போதெல்லாம் அலாரம் என் போனில்தான். "மெஷினைக் கழட்டப்போறேன், நீ தூங்கிடாதே" என்று சொல்லிவிட்டு அவர் நிம்மதியாகப் படுக்கிறார். என் தூக்கம்தான் குரோம்பேட்டையோடு போயிற்று.