அடுத்தகட்டம் சார்

கோடு பலகையைத் தாண்டிச் சுவரில் ஏறிவிட்டது. அவர் நிறுத்தவில்லை. இடது கீழ்மூலையில் தவழ்ந்து தொடங்கி, நடுவில் கொஞ்சம் மூச்சு வாங்கி, பிறகு விறுவிறுவென்று மேலேறும் அந்த நீல வளர்ச்சி வளைகோட்டை அவர் ஒருநாளும் பலகைக்குள் முடித்து நான் பார்த்ததில்லை. குதிகாலை உயர்த்தி, கை எட்டுகிற மட்டும் இழுப்பார். கட்டட உரிமையாளர் இரண்டு முறை வெள்ளையடித்துப் பார்த்துவிட்டு, மூன்றாம் முறை 'சுவரில் எழுதாதீர்' என்று தாள் ஒட்டினார். இப்போது கோடு அந்தத் தாளின் மேலேயும் போகிறது.

எங்கள் அலுவலகம், மேசையை மாத வாடகைக்குப் பிடித்து ஆளுக்கொரு பிழைப்பு நடத்தும் இடம். மருந்து டப்பாவுக்குள் மடித்து வைத்திருப்பார்களே, யாரும் படிக்காத தாள், அதை மொழிபெயர்ப்பது என் பிழைப்பு. தொழில் தொடங்க வரும் இளசுகளுக்கு வழிகாட்டுவது பக்கத்து மேசைக்காரரான அவருடையது. மென்டர் என்று சொல்ல வேண்டும். ஆலோசகர் என்றால் முகம் சுருங்கும். யார் என்ன யோசனையோடு வந்தாலும் முழுதாகக் கேட்பார், அரை நிமிடம் கண்ணை மூடுவார், பிறகு "நல்லா இருக்கு. இதோட அடுத்த கட்டம் என்ன?" என்பார். முதல் கட்டத்துக்கே வழி தெரியாமல் வந்தவனிடமும் இதே கேள்விதான். அதனால் அவருக்கு அடுத்தகட்டம் சார் என்றே பெயர் நிலைத்துவிட்டது. அது அவருக்கும் தெரியும், கோபம் கிடையாது.

சொந்தமாக மூன்று கம்பெனி தொடங்கியவர். மூன்றையும் மூடியாயிற்று. வேறொருவர் என்றால் அந்தப் பேச்சு வந்ததும் எழுந்து தண்ணீர் குடிக்கப் போவார். இவர் அதையே முதலாகப் போட்டு நாலாவதைத் தொடங்கிவிட்டார். "மூணு கம்பெனி மூடின அனுபவம் காசு கொடுத்தாலும் கிடைக்காதுங்க" என்பார். கிடைத்தது, காசு கொடுத்தவர் மாமனார்.

மனைவி பல் மருத்துவர். பதினாறு வருடமாக ஒரே அறை, ஒரே சாய்வு நாற்காலி, வாசலில் எப்போதும் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நாலு பேர். அந்த அம்மாவிடமும் ஒருநாள் அடுத்த கட்டம் என்ன என்று கேட்டிருக்கிறார். "அடுத்த பேஷன்ட்டுதான்" என்று சொல்லிவிட்டுக் கையுறையை மாட்டிக்கொண்டாராம். இதையும் அவரேதான் எங்களிடம் சொல்லிச் சிரித்தார். அந்த நல்ல குணம் உண்டு, இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் அலைபேசியை எடுத்துக்கொண்டு மாடிப்படிக்குப் போய்ப் பேசிவிட்டு வந்து, "ஒரு இன்வெஸ்டர், விடமாட்டேங்கறார்" என்பாரே, அதுதான் தாங்காது. இஸ்திரிக்குப் போட்ட துணியை வாங்கி வரச் சொன்ன அந்த அம்மாவின் குரல் எங்கள் எல்லோருக்கும் கேட்டிருக்கும்.

இவரிடம் போன மாசி மாதம்போல ஒரு பெண் வந்து மாட்டினாள். மாட்டினாள் என்றுதான் சொல்வேன். கட்டில்காரப் பெண் என்று நாங்கள் கூப்பிடுவோம். அவள் அப்பாவுக்கு இடுப்பெலும்பு முறிந்தபோது, கைப்பிடியைச் சுழற்றினால் தலைப்பக்கம் உயருமே, அந்த ஆஸ்பத்திரிக் கட்டில் ஒன்றை வாங்கியிருக்கிறார்கள். அவர் எழுந்து நடமாடத் தொடங்கியதும் கட்டில் சும்மா கிடந்தது. பக்கத்து வீட்டுக்காரர் வாடகைக்குக் கேட்டார். அப்படிப் பிறந்த தொழில். இப்போது பதினொரு கட்டில், ஏழு சக்கர நாற்காலி. தொலைபேசியில் சொன்னால் இரண்டு மணி நேரத்தில் அவளும் சித்தப்பாவும் வேனில் கொண்டுவந்து, மாடி என்றால் பிரித்துத் தூக்கி, மாட்டிக் கொடுத்து, கைப்பிடியை எப்படிச் சுழற்றுவது என்று நோயாளியின் வீட்டாருக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டுத்தான் கிளம்புவார்கள்.

எலும்பு ஆஸ்பத்திரி ஒன்று அவளிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தது. மாதக் கடைசிக்குள் முப்பது கட்டில் இருந்தால், வீட்டுக்குப் போகிற நோயாளிகளை எல்லாம் அவளிடமே அனுப்புவார்கள். இல்லையென்றால் வேறு ஆள். அதற்காகத்தான் இளம் தொழில்முனைவோருக்குத் தொடக்கப் பணம் கொடுக்கும் விதை நிதித் திட்டத்துக்கு விண்ணப்பித்தாள். விண்ணப்பித்தவர்கள் ஒரு மென்டரிடம் எட்டு முறை உட்கார்ந்து கையெழுத்து வாங்க வேண்டும் என்பது விதி. அவளுக்கு ஒதுக்கப்பட்டவர் நம்மவர்.

முதல் தடவை அவள் கட்டிலின் படங்களைக் காட்டினாள். கண்ணை மூடித் திறந்தார். "கட்டிலை விடும்மா. நாம விக்கிறது கட்டில் இல்லை, மீண்டெழுதல்" என்றார். அவள் விற்கவே இல்லை, வாடகைக்குத்தான் விடுகிறாள் என்பதை இரண்டு தடவை சொல்லிப் பார்த்தாள். மூன்றாம் தடவை, சொந்தமாகக் கட்டில் வைத்திருப்பதே தலைச்சுமை, கட்டில் வைத்திருப்பவரையும் வேண்டியவரையும் சேர்த்து வைக்கும் ஆப் போதும் என்று முடிவாயிற்று. ஐந்தாம் தடவை சித்தப்பாவுக்கு ஒரு கோட்டு இரவல் வாங்கி மாட்டி, கையைக் கட்டச் சொல்லிப் படம் எடுத்து, 'செயல்பாட்டுத் தலைவர்' என்று கீழே போட்டார்கள். கட்டில் தூக்கித் தூக்கி அகன்ற தோள் அது, கோட்டு முதுகில் பிரிந்துவிட்டது. ஏழாம் தடவை லாபம் வந்த மாதங்களை ஸ்லைடிலிருந்து எடுக்கச் சொன்னார். எனக்கே தூக்கிவாரிப் போட்டது.

"எதுக்கு சார், உண்மைதானே?" என்று கேட்டாள்.

"சின்ன லாபம் இருக்கே, அது கனவைச் சின்னதாக்கிடும்மா. ஒண்ணுமே இல்லைன்னா எவ்வளவு வேணா நினைச்சுக்கலாம்."

அவர் இதை நம்பித்தான் சொன்னார். ஏமாற்றுக்காரராக இருந்தால் எனக்குத் திட்டுவது சுலபமாக இருந்திருக்கும். எட்டாம் தடவை முடிந்து கையெழுத்துப் போட்டபோது அவள் தொழிலில் கட்டிலும் இல்லை, வேனும் இல்லை, லாபமும் இல்லை. பிள்ளையார் பிடிக்கக் குரங்கானதாவது ஓர் உருவம்.

அந்த நிதிக்கான தேர்வு எங்கள் அலுவலகத்தின் பெரிய அறையிலேயே நடந்தது. ஆளுக்கு ஐந்து நிமிடம். நேரம் முடிந்ததும் மணியடிக்க என்னை உட்கார வைத்தார்கள். மூன்று நடுவர்களில் ஒருவருக்குக் காய்ச்சல். கைக்கு எட்டும் தூரத்தில் இருந்த அடுத்தகட்டம் சாரைப் பிடித்து அந்த நாற்காலியில் போட்டார்கள். உங்கள் மாணவர்கள் யாராவது வருகிறார்களா என்று ஏற்பாட்டாளர் கேட்டதற்கு, "எல்லாப் பசங்களும் என் பசங்கதான்" என்றார். அதைப் பெருந்தன்மை என்று எடுத்துக்கொண்டு மதிப்பெண் தாளைக் கொடுத்துவிட்டார்கள். 'தொழில் தெளிவு' என்ற கட்டத்தில் எந்த ஒரு நடுவர் பத்துக்கு ஐந்துக்கும் கீழே போட்டாலும் அந்த விண்ணப்பம் அதோடு சரி என்று எல்லோருக்கும் கேட்க அறிவித்தார்கள்.

நாற்காலி மாறினால் ஆள் எப்படி மாறிவிடுகிறான் பாருங்கள். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, வந்தவர்களையெல்லாம் துளைத்தெடுத்தார். அவள் வந்தாள். அவர் எழுதிக் கொடுத்ததை ஒரு சொல் பிசகாமல் ஒப்பித்தாள். அவர் முதல்முறை கேட்பவரைப் போல நெற்றியைச் சுருக்கிக்கொண்டு கேட்டார்.

"எல்லாம் சரி. கையில என்ன இருக்கு? சொந்தமா ஒரு கட்டிலாவது இருக்கா? வருமானம் எங்கே?"

அவள் அவரை நேராகப் பார்த்தாள். பதினொரு கட்டில் இருக்கிறது, எட்டு மாதமாக லாபம் வருகிறது, ஸ்லைடில் போட வேண்டாம் என்று சொன்னார்கள் என்றாள். நடுவில் உட்கார்ந்திருந்த, வங்கியிலிருந்து ஓய்வு பெற்ற நடுவர் அம்மா நிமிர்ந்தார். அப்படியும் ஒருவர் சொல்வாரா, யார் உங்கள் மென்டர் என்று கேட்டார்.

கையெழுத்துப் போட்டவரை, நடுவராக உட்கார்ந்திருக்கும்போது சுட்டிக்காட்டினால் என்ன ஆகும் என்று அவள் கணக்குப் போட்டிருக்க வேண்டும். பார்வையை மட்டும் எடுக்கவில்லை.

"அவர் இன்னிக்கு வரலை போலிருக்குங்க" என்றாள்.

அடுத்தகட்டம் சார் ஆமோதிப்பதுபோல் தலையை ஆட்டி, "இப்பல்லாம் பொறுப்பில்லாதவங்க நிறையப் பேர் இந்தத் துறைக்கு வந்துட்டாங்க" என்று வங்கி அம்மாவிடம் வருத்தப்பட்டார். நான் வாயைத் திறந்திருக்கலாம். கடிகாரம் ஐந்து நிமிடம் காட்டியது, மணியடித்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு அவமானமாக இருக்கிறது.

பக்கத்தில் உட்கார்ந்திருந்ததால் அவருடைய தாள் எனக்குத் தெரிந்தது. தொழில் தெளிவு: மூன்று. பேனா கொஞ்சமும் தயங்கவில்லை. கடைசியில் 'வழிகாட்டுதலின் தரம்' என்று ஒரு கட்டம் இருந்தது. அங்கே மட்டும் பேனாவைத் தாடையில் வைத்துக்கொண்டு யோசித்தார். ஒன்பது எழுதினார். அவள் நாற்காலியை மேசைக்குள் சத்தமில்லாமல் தள்ளிவிட்டு வெளியே போனாள். அவர் ஒன்பதை அடித்துப் பத்தாக்கி, திருத்தியதற்கு அடையாளமாகப் பக்கத்தில் ஒரு சின்னக் கையெழுத்துப் போட்டார்.