ஐந்து லிட்டருக்கு நாற்பத்தைந்து கிராம்

1953ஆம் வருடம். நாகர்கோவில் அப்போது தமிழ்நாட்டோடு சேரவில்லை. அங்கே ஒரு கல்லூரியில் நான் வேதியியல் டெமான்ஸ்ட்ரேட்டராகச் சேர்ந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. திருவனந்தபுரத்தில் பி.எஸ்ஸி. முடித்த கையோடு கிடைத்த வேலை. தலைக்கனத்துக்குக் கேட்கவா வேண்டும்!

இன்டர்மீடியட் செய்முறைத் தேர்வுக்கு முந்தின நாள். மாணவர்களுக்குக் கொடுக்க ஐந்து லிட்டர் ஆக்ஸாலிக் அமிலக் கரைசல், பத்தில் ஒரு மோலார் செறிவில் தயாராக வேண்டும். எத்தனை கிராம் என்று கணக்குப் போடுவது நான். நிறுத்துக் கரைப்பது லேப் அட்டெண்டர். அவர் குழித்துறைக்காரர், என்னைவிடப் பதினைந்து வயதாவது மூத்தவர். நாலாம் வகுப்புப் படிப்புதான். ஆனாலும் காலியாக இருந்த ஸ்டோர் கீப்பர் வேலை அடுத்த மாதம் அவருக்குத்தான் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள்.

நான் மனக்கணக்காகவே போட்டேன். மூலக்கூறு எடை தொண்ணூறு. லிட்டருக்கு ஒன்பது கிராம். ஐந்து லிட்டருக்கு நாற்பத்தைந்து. அவர் தராசுத் தட்டைத் துடைத்துக்கொண்டே தயங்கினார்.

“போன வருசம் அறுபத்து மூணுல்லா போட்டோம் சார்?”

“கணக்க நான் பாத்துக்கிடுதேன். நீரு சொன்னத நிறுத்துப் போடும்” என்றேன். அவர் நாற்பத்தைந்தையே நிறுத்துப் போட்டார்.

மறுநாள் காலை, வெளியூர் எக்ஸாமினர் தேர்வு தொடங்குமுன் கரைசலைச் சோதித்துப் பார்த்தார். செறிவு மிகக் குறைவு என்றார். அவர் சொன்னதுமே எனக்கு விளங்கிவிட்டது. ஆக்ஸாலிக் அமிலப் படிகத்துக்குள் தண்ணீரும் சேர்ந்திருக்கும். அந்த எடையையும் கூட்டினால் நூற்று இருபத்தாறு. ஐந்து லிட்டருக்கு, அட்டெண்டர் சொன்ன அதே அறுபத்து மூன்று கிராம். மாணவர்களுக்கு முதல் மாதமே நான் சொல்லிக்கொடுத்த பாடம் அது.

வராந்தாவில் மாணவர்கள் விழித்துக்கொண்டு நிற்க, முதல்வர் ஓடி வந்தார். நிறுத்தது யார் என்று கேட்டார்.

“நான்தான் சார்” என்றார் அட்டெண்டர். என்னை ஒரு தடவை பார்த்தார். நான் சொன்ன எடையைத்தான் போட்டதாக அவர் சொல்லியிருக்கலாம். மேலே இருப்பவரைக் காட்டிக்கொடுக்கும் வழக்கம் அட்டெண்டர்களிடம் அப்போது இல்லை. வாயைத் திறக்க வேண்டியவன் நான். வேலை நிரந்தரமாகவில்லையே என்ற பயத்தில் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். முதல்வர் எல்லோர் முன்னிலையிலும் அவரைத் திட்டித் தீர்த்தார். புதுக் கரைசலை நானே நிறுத்துத் தயாரித்தேன். தேர்வு இரண்டு மணி நேரம் தாமதமாக நடந்தது.

ஸ்டோர் கீப்பர் வேலை வேறொருவருக்குப் போனது. அட்டெண்டரை வாசல் காவலுக்கு மாற்றிவிட்டார்கள். என்ன நடந்தது என்று அவருக்கு எங்கே புரிந்திருக்கப் போகிறது என்று நானே என்னைத் தேற்றிக்கொண்டேன்.

அடுத்த வருடம், மறுபடியும் தேர்வுக்கு முந்தின நாள். கேட்டைத் திறந்துவிட்டவர் என் அருகில் வந்து மெதுவாகக் கேட்டார்.

“இந்தத் தடவ தண்ணிக்க எடையையும் சேத்துக் கூட்டிட்டியளா சார்?”

குரலில் குத்தல் இல்லை. பிள்ளைகள் பரீட்சை நல்லபடியாக நடக்க வேண்டுமே என்ற கவலைதான் இருந்தது. நான் தலையை மட்டும் ஆட்டிவிட்டு உள்ளே போனேன்.

அதற்குப் பிறகு முப்பது வருடம் மோலார் கணக்குச் சொல்லிக்கொடுத்து ஓய்வும் பெற்றுவிட்டேன். ஆனால் தப்பு என்னுடையது என்று அவர் உயிரோடு இருந்தவரை அவரிடம் ஒரு வார்த்தை சொல்ல எனக்குத் துணிச்சல் வரவே இல்லை.